ரிமார்க் மனோகரனும் பதினேழாம் நம்பர் கார்டும்

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் மனோகரன் வீடு எது என்று கேட்டால் நான்கு வீட்டைக் காட்டுவார்கள். ரிமார்க் மனோகரன் என்று கேட்டால் ஒரே வீட்டைக் காட்டுவார்கள், காட்டும்போதே முகத்தைச் சுளிப்பார்கள். அந்தத் தெருவில் அவரிடம் ரிமார்க் வாங்காத பொருளும் கிடையாது, ஆளும் கிடையாது. எதிர்வீட்டுக்காரர் புது பைக் எடுத்து, மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு நிற்பார். மனோகரன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "சைலென்சராண்ட ஒரு கோடு கீதே மாமு, ஷோரூம்காரன் உன் தலைல கட்டிட்டான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் கேசரி இறங்காது.

சரி, மனுஷன் பிறக்கும்போதே இப்படியா என்றால், ஆமாம், இப்படித்தான். மீன்பிடிக் குடும்பம். அண்ணன் தம்பி மூன்று பேரும் இன்றைக்கும் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறார்கள். இவரையும் பதினெட்டு வயதில் அப்பா மாரியப்பன் ஒரு நாள் படகில் ஏற்றினார். ஏறியதிலிருந்து பலகையில் விரிசல், வலையில் பொத்தல், இன்ஜினில் புகை என்று பையன் வாய் ஓயவில்லை. கரைக்கு வந்ததும் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "நைனா, நீ கரைலயே இருந்துக்கோ. உன்ன ஏத்திகினு போனா மீனுகூட பேஜாராயி ஓடிடும்."

கரையில் இந்த வாய்க்கென்றே ஒரு வேலை காத்திருந்தது. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கண்டெய்னர் யார்டு. துறைமுகத்திலிருந்து வருகிற இரும்புப் பெட்டிகள் உள்ளே நுழையும்போது, எங்கெங்கே ஒடுக்கு, எங்கெங்கே துரு, எங்கெங்கே கிழிசல் என்று சுற்றிப் பார்த்து எழுத ஒரு ஆள் வேண்டும். அதற்குப் பெயர் சர்வே. எழுதுகிற குறைக்குப் பெயர் ரிமார்க். குறை சொல்வதற்கு மாதச் சம்பளம், போனஸ், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ்! உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்?

மனோகரன் முப்பத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறார். கையில் டார்ச், காதில் சாக்பீஸ். வெயிலில் ட்ரெய்லர் வரிசை கட்டி நிற்கும், டிரைவர்கள் வியர்த்து ஊற்றிக்கொண்டு நிற்பார்கள், இவர் ஒவ்வொரு பெட்டியாகத் தடவிப் பார்ப்பார். "அண்ணே, அந்த டொக்கு ஏற்கெனவே இருந்துச்சுண்ணே" என்று டிரைவர் கெஞ்சுவான். "இருந்துச்சுன்னா எவன் எழுதிகீறான், காட்டு" என்பார். சும்மா சொல்லக்கூடாது, ஒரு டீக்குக்கூட வளைந்ததில்லை. அடுத்தவன் குறை விஷயத்தில் அவ்வளவு நேர்மை.

யார்டில் இன்னொரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை நகராது. ஒடுக்கு விழுந்த பெட்டி பட்டறைக்குப் போகும். ஒடுக்கை எடுத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்து அனுப்புவார்கள். அது திரும்பி வந்ததும் பழைய ரிமார்க்கை அடித்துவிட்டு, ‘நல்ல நிலை’ என்று எழுத வேண்டும். அவ்வளவுதான், அந்த ஒடுக்கு பிறக்கவே இல்லை என்று அர்த்தம். வேலைக்கு முன்னால் ஒரு போட்டோ, வேலைக்குப் பின்னால் ஒரு போட்டோ எடுத்து வைத்துவிட்டால் கணக்கு முடிந்தது. பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது என்பது சர்வேக்காரர் சோலி இல்லை. தங்கம் இருந்தாலும் சரி, சாக்கடைத் தண்ணீர் இருந்தாலும் சரி, இவர் பார்ப்பது வெளித் தகடு மட்டும்.

கல்யாணமும் ஒரு சர்வேயில்தான் நடந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில், தட்டில் பஜ்ஜி இருக்கும்போதே, "பொண்ணுக்கு வலது புருவம் கொஞ்சம் மேல ஏறிகீது" என்று திருவாய் மலர்ந்தார். உள்ளேயிருந்து பெண்ணே பதில் சொன்னாள்: "அவரு பல்லு மட்டும் இன்னா கோடு போட்டா நட்டுகீது? மொதல்ல அத்த எண்ணச் சொல்லு." அவள்தான் கன்னியம்மா. முப்பது வருஷமாக மனோகரனுக்கே ரிமார்க் எழுதுகிற ஒரே ஜீவன்.

இந்த மனுஷர் கார்டு வியாபாரத்துக்கு வந்தது தற்செயல்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் பழைய பேப்பர் கடையில் தராசில் குறை கண்டுபிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, கிழிந்த நோட்டு ஒன்றிலிருந்து சின்னச் சின்னப் பட அட்டைகள் உதிர்ந்தன. கிரிக்கெட், ஹாக்கி, மல்யுத்த வீரர்கள். அந்தக் காலத்தில் பபுள்கம் வாங்கினால், டீத்தூள் வாங்கினால் பாக்கெட்டுக்குள் ஒன்று போட்டுக் கொடுப்பார்களே, அது. இருபது ரூபாய்க்கு மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்தார். ராயபுரத்தில் பழைய நாணயம், ஸ்டாம்பு விற்கிற அப்துல் வஹாப் பாயிடம் காட்டினார். பாய் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தார். மனோகரனுக்கு மயக்கமே வந்துவிட்டது.

வஹாப் பாய் நடத்துகிற வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை ஏலம். நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். சேர்க்கும்போதே பாய் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். "மனோகரன், இங்க ஒரே சட்டம்தான். அட்டையில நீங்க கை வெச்சிருந்தா சொல்லிடணும். ஓரம் வெட்டினது, கலர் தொட்டது, மடிப்ப அழுத்தி எடுத்தது, எதுவா இருந்தாலும் சரி. சொல்லிட்டு என்ன விலைக்கு வேணா வில்லுங்க. சொல்லாம வித்தா குழுவுல இடம் கிடையாது."

"சரி பண்ணதுக்கு விலை ஏறும்ல பாய்?"

"இறங்கும். மூணுல ஒண்ணுகூட கிடைக்காது. கிழிஞ்சது கிழிஞ்சதா இருந்தா அதுக்கு ஒரு மரியாதை உண்டு. ஒட்டு போட்டு மறைச்சா போச்சு."

மனோகரனுக்கு இது கொஞ்சமும் விளங்கவில்லை. கிழிசலுக்கு மரியாதை, தையலுக்கு அவமரியாதையா? பைத்தியக்காரக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அடுத்தவர் அட்டையில் ‘கை வைத்ததை’க் கண்டுபிடிப்பதென்றால் அவருக்கு ஜிலேபி சாப்பிடுகிற மாதிரி. யார் படம் போட்டாலும் பெரிதுபண்ணிப் பார்த்து, "இடது மேல் மூலையில் மை தடவியிருக்கிறது" என்று முதல் ஆளாக எழுதுவார். சேலத்துக்காரர் ஒருவர் இவர் தொல்லை தாங்காமல் குழுவைவிட்டே ஓடிவிட்டார். பாய்கூட, "உங்க கண்ணு மாதிரி ஒரு கண்ணு வராது" என்று சொல்லிவைத்தார். அதைக் கன்னியம்மாவிடம் பதினைந்து தடவை சொன்னார் மனோகரன்.

போன மாதம் அதே பேப்பர் கடையில் சிக்கியதுதான் பதினேழாம் நம்பர். 1958இல் ஒரு தேயிலைக் கம்பெனி போட்ட வரிசை, மொத்தம் இருபத்து நான்கு. அதில் இருபத்து மூன்று எங்கேயாவது கண்ணில் படும், பதினேழு மட்டும் படவே படாது என்று பாய் அடிக்கடி புலம்புவார். சீட்டுக்கட்டு சீட்டைவிடச் சின்னது. பெரம்பூர் மைதானத்தில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிற கோல் கீப்பர். கீழே ‘பரசுராமன்’ என்று பெயர். ஏதோ ஒரு பள்ளிக்கூட நோட்டில் முதுகுப் பக்கம் ஒட்டியிருந்தது. மனோகரன் ஆவி காட்டிப் பக்குவமாகப் பிரித்து எடுத்தார். பின்பக்கம் நாலு வரி ஏதோ அச்சடித்திருந்தது. அதில் நம்பர் 17 இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது, திருப்பிவிட்டார்.

பிறகு முன்பக்கத்தைச் சர்வே பண்ணினார். ஓரம் மழுங்கல். வலது கீழ் மூலையில் டீக்கறை. நெற்றியிலிருந்து ஒரு மடிப்பு இறங்கி மூக்கின் மேலே வந்து முடிந்திருந்தது. மூக்கு நடுவில் ஒரு பக்கமாக வளைந்து கிடந்தது. மடிப்பு விழுந்த வேகத்தில் படமே கோணிவிட்டது என்று மனோகரன் முடிவு கட்டினார். மனுஷனுக்கு மூக்கு அப்படியும் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஒடுக்கு என்றால் எதுவோ இடித்திருக்க வேண்டும், இடித்தால் எடுக்க வேண்டும்.

வழக்கம் மாறாமல் வேலைக்கு முன்னால் போனில் ஒரு போட்டோ எடுத்தார். அப்புறம் ஆரம்பித்தார் ஐயா, பட்டறை வேலையை! மடிப்பின் மேல் ஈரத்துணி வைத்து, ப்ளாட்டிங் பேப்பர் போட்டு, அயர்ன் பாக்ஸை மெல்ல ஒற்றினார். டீக்கறையைத் துடைத்தார். வெளுத்த ஓரத்துக்கு டீ டிகாஷனையே பிரஷ்ஷில் தொட்டுத் தடவினார். வளைந்த மூக்கை அரை பிளேடால் சுரண்டி எடுத்து, போஸ்டர் கலர் கொடுத்து, கன்னியம்மாவின் ஐப்ரோ பென்சிலால் நேர்க்கோடு ஒன்று இழுத்தார். அழகான, நேரான, எடுப்பான மூக்கு.

கன்னியம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாயா, பொம்மைக்கு மேக்கப் போட்டுகினு கீற?"

"பட்டி பாக்குறேன். நீ போ."

"என் பென்சில்ல தீட்றது பாய்க்கு தெரியுமா?"

"ரிப்பேரு ஆன பொட்டிக்கு இன்னா எழுதுவோம்? நல்ல நிலை. அத்தத்தான் இதுக்கும் எழுதுவேன். இதுல இன்னா பொய் கீது?"

இந்த நியாயத்தை நம்பித்தான் சொன்னாரா என்று கேட்டால், முக்கால்வாசி நம்பினார். மீதிக் கால்வாசி என்ன என்பதைச் சொல்கிறேன். அட்டையைக் குழுவில் போடுவதற்கு முன்னால், மேலே பளபளவென்று பிளாஸ்டிக் உறை மாட்டி, ஜன்னல் வெளிச்சம் சரியாக முகத்தின் மேல் அடிக்கும்படி வைத்துப் படம் எடுத்தார். நியாயம் இருக்கிறவன் எதற்காக ஐயா வெளிச்சத்தைத் திருப்ப வேண்டும்?

‘நம்பர் 17. நல்ல நிலை’ என்று எழுதிப் போட்டதும் குழு கொதித்துவிட்டது. அரை மணி நேரத்தில் வஹாப் பாய் போன் செய்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், இத எங்க புடிச்சீங்க மனோகரன்? கை எதுவும் வைக்கலயே?"

"இன்னா பாய், என்னப் போயி கேக்குறீங்க? என்னத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும், தெரியும். கேக்குறது என் கடமை. எதுக்கும் வாங்கும்போது எப்படி இருந்துச்சுன்னு படம் ஏதாவது இருந்தா வெச்சுக்கங்க. பெரிய விலைக்குப் போகும்போது யாராவது கேப்பாங்க."

போனை வைத்ததும் மனோகரன் முதல் காரியமாக அந்தப் பழைய போட்டோவை அழித்தார். அழித்தது போனின் குப்பைத்தொட்டியில் முப்பது நாள் கிடக்கும் என்பது நினைவுக்கு வந்து, அங்கேயும் போய் அழித்தார். வேலையில் குறை வைக்காத மனுஷர்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பெண்மணி போனில் பேசினார். புளியந்தோப்பிலிருந்து கார்குழலி என்றார், ரயில்வே பட்டறை ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயரானவராம், அறுபத்தாறு வயதாம். குரல் பதமாக, தயங்கித் தயங்கி வந்தது.

"சார், அந்த பதினேழு... மொகம் நல்லா தெரியுதா சார்? போன்ல பாத்தா வெளிச்சம் அடிக்குது."

"கண்ணாடி மாரி கீதும்மா."

"மடிப்பு, கிழிசல் இருந்தாலும் பரவால்ல சார். எதனா சரி பண்ணிகீதான்னு மட்டும் சொல்லிடுங்க. நான் வாணான்னு சொல்ல மாட்டேன். தெரிஞ்சா போதும்."

இதைவிட ஒருத்தர் எப்படிக் கேட்பது? தட்டில் வைத்து நீட்டிய மாதிரி கேட்டார். மனோகரனுக்கு ஒரு வினாடி நாக்கு அசைந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ‘மூணுல ஒண்ணுகூட கிடைக்காது’ என்று பாய் சொன்னது காதில் விழுந்துவிட்டது. "இப்ப ஒரு டேமேஜும் இல்லம்மா" என்றார். அந்த ‘இப்ப’வைச் சொல்லிவிட்டதால் தான் பொய் சொல்லவில்லை என்று வேறு நினைத்துக்கொண்டார். த்தூ.

மறுநாள் ஏலம். மூவாயிரத்தில் ஆரம்பித்தது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஏற்ற ஏற்ற, கார்குழலி அம்மாள் விடாமல் கூடவே ஏறினார். கடைசியில் இருபத்தோராயிரத்துக்கு அவருக்கே விழுந்தது. ‘யாரோ பெரிய பார்ட்டி’ என்று மனோகரன் குஷியானார். கன்னியம்மாவுக்கும் சேர்த்து பிரியாணி வாங்கி வந்து, முட்டை சரியாக வேகவில்லை என்று கடைக்காரனுக்குப் போன் பண்ணித் திட்டிவிட்டுச் சாப்பிட்டார்.

கூரியரில் வேண்டாம், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தார். பெரிய பார்ட்டி எல்லாம் இல்லை. இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு, சாயம் போன காட்டன் புடவை, தோளில் துணிப்பை. பணத்தை முதல் நாளே போனில் அனுப்பிவிட்டிருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தண்ணீரைக்கூடத் தொடாமல், கையை நீட்டினார். மனோகரன் உறையோடு கொடுத்தார். அவர் அட்டையை உறையிலிருந்து வெளியே எடுத்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், இது யாரு?"

"இன்னாம்மா இப்டி கேக்குறீங்க? கீழ பேரு போட்டுகீதே, பரசுராமன்னு."

"பேரு எங்கப்பா பேரு. சட்ட எங்கப்பா சட்ட. மொகம் யாருது?"

ஏலத்தில் விலையை ஏற்றிவிடுவார்கள், மகள் என்று யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பாய்தான் அந்த அம்மாளுக்குச் சொல்லிவைத்திருந்தார். இப்போது அந்த அம்மாளே சொன்னார். தனக்கு ஒன்பது வயதாகும்போது அப்பா ரயில்வே பட்டறை விபத்தில் செத்துப்போனது. அடுத்த சில வருஷத்தில் குடிசைகள் தீப்பிடித்ததில் வீட்டிலிருந்த ஒரே போட்டோவும் எரிந்தது. அம்மாவும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. டீ பாக்கெட்டில் அப்பா படம் வந்தது என்று பட்டறை ஆட்கள் சொல்லக் கேட்டு, எட்டு வருஷமாக பாய் கடைக்கு நடந்தது. எல்லாவற்றையும் ஆபீஸ் ஃபைலைப் படிக்கிற மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். சொல்லிக்கொண்டே அட்டையைத் திருப்பியவர், பின்பக்கத்தை வாய்விட்டு வாசித்தார்.

"நம்பர் பதினேழு. பரசுராமன், கோல் கீப்பர், பெரம்பூர். 1957 இறுதி ஆட்டத்தில் மூக்கு உடைந்து ரத்தம் வடிந்தும் கடைசிவரை களத்தை விட்டு நகராதவர். வளைந்த மூக்கே இவருக்கு அடையாளம்."

குழுவில் பின்பக்கப் படத்தையும்தான் போட்டிருந்தார் மனோகரன். நூற்றுச் சொச்சம் பேர் அதைப் பெரிதுபண்ணி மூலை மழுங்கியிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று ஆராய்ச்சி செய்தார்களே தவிர, எழுத்தைப் படிக்க ஒரு ஜென்மத்துக்கும் தோன்றவில்லை. சேகரிக்கிறார்களாம்!

டீ கொண்டுவந்த கன்னியம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "யோவ், அன்னிக்கு என் பென்சில எட்த்துகினு போயி தீட்னியே, அது இந்தம்மா அப்பா மூஞ்சியா?"

மனோகரன் உட்கார்ந்த இடத்தில் சிறுத்துப்போனார். "டொக்குன்னு நெனச்சேன்மா. மடிப்புல கோணிகீதுன்னு... எட்த்துட்டேன்."

"மேல பூசின கலர தொடச்சா கீழ பழசு வருமா?"

"வராதும்மா. பிளேடால செரண்டிட்டுதான் பூசினேன்."

அந்த அம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் மனோகரன் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார், அதில் அவருக்கு நல்ல பழக்கம். "துட்ட இப்பவே திருப்பி அனுப்பிட்றேன்மா" என்று போனை எடுத்தார்.

"இருங்க சார். போன்ல கேட்டனே. சரி பண்ணிகீதான்னு ஒரு வார்த்த கேட்டனே."

"சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டீங்க."

"வாங்கியிருப்பேன். எங்கப்பா மூஞ்ச எதிர்பாத்துகினு பஸ்ஸு ஏறியிருக்க மாட்டேன், அவ்ளோதான்." அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். "வேல பண்றதுக்கு முன்னாடி படம் எதனா எட்த்தீங்களா?"

"எடுப்பாரும்மா" என்று கன்னியம்மா முந்திக்கொண்டு சொன்னாள். "அது அவருக்கு பழக்கம். வூட்டுக் குழா ரிப்பேர் பண்ணாகூட முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு எடுப்பாரு. காட்டுயா, இன்னா முழிச்சிகினு கீற?"

மனோகரன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்த்தேன். அழிச்சிட்டேன்."

"குப்பைல இருக்கும்யா. எட்த்து குடு."

"அதுலயும் அழிச்சிட்டேன்."

ஏன் என்று இரண்டு பெண்களுக்குமே புரிந்துவிட்டது. மனோகரனுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. அந்த மூக்கைச் சுரண்டியதுகூட தெரியாமல் செய்த முட்டாள்தனம். அந்தப் போட்டோவை அழித்தது தெரிந்தே செய்தது. பாயிடம் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று, ஒரு மகளுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே முகத்தைக் கட்டைவிரலால் இரண்டு தடவை அமுக்கித் துடைத்திருந்தார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

கார்குழலி அம்மாள் துணிப்பைக்குள் துழாவி ஒரு நீலப் பேனாவை எடுத்தார்.

"ஐயோ, பேனா வெக்காதீங்கம்மா, வேல்யூ பூடும்!" அந்த நேரத்திலும் அது வாயில் வந்துவிட்டது. கன்னியம்மா முறைத்த முறைப்பில் வாய் மூடியது.

"எந்தப் பக்கம் வளஞ்சிருந்துச்சு?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"இன்னாம்மா?"

"எங்கப்பா மூக்கு. எந்தப் பக்கம்? சின்ன வயசுல அந்த மூக்கப் புடிச்சுகினுதான் தூங்குவேன். வளஞ்சு இருந்துச்சுன்னு வெரலுக்குத் தெரியும். எந்தப் பக்கம்னு மறந்துபோச்சு. அத்தப் பாக்கத்தான் எட்டு வருஷம் தேடுனேன். உசுரோட இருக்கறதுல அந்த மூக்க கடேசியா பாத்தது நீதான். சொல்லு."

மனோகரன் கண்ணை மூடினார். எத்தனையோ ஆயிரம் பெட்டிகளின் ஒடுக்குகள் கண்ணுக்குள் வந்துபோயின. பிளேடு வைத்த அந்தக் காலைநேரத்தைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனார். கண்ணைத் திறந்தபோது கன்னத்தில் ஈரம்.

"எடது பக்கம்மா. நம்ம பாக்கறப்போ எடது. நடு எலும்பாண்ட, ஒரு நெல்லு அளவு."

"நெசமா?"

"கடலம்மா மேல சத்தியமா."

"நான் வலதுன்னு நெனச்சுகினு இருந்தேன், இத்தினி வருஷமா." அவர் மனோகரன் முகத்தை நேராகப் பார்த்தார். "இந்தத் தடவையாச்சும் நெசமாத்தான் சொல்றியா? அன்னிக்கும் இதே கொரல்லதான் இப்ப ஒரு டேமேஜும் இல்லன்னு சொன்ன."

காட்டி நம்பவைக்க இருந்த ஒரே போட்டோவையும் மனோகரனே அழித்திருந்தார்.

கார்குழலி அம்மாள் பேனா மூடியைக் கழற்றினார். கேட்பதற்கு வேறு ஆள் இல்லாததால், அந்தப் பொய்யன் சொன்ன பக்கமே அப்பா மூக்கை வளைத்துக் கோட்டைப் போட்டார்.